மலைத்தடத்துக்குப் போகுமுன் கொழும்பில் முடிக்க வேண்டியவை

மலைத்தடத்தில் ஜீப் ஓட்டிப் போன எங்கள் முதல் பயணத்தில் ஐந்து வாகனங்கள் அதிகாலை நான்கு மணிக்கு வெள்ளவத்தையிலிருந்து புறப்பட்டன. முற்பகல் பதினொரு மணிக்கு ஒரு தேயிலைத் தோட்டத்தின் இரும்புக் கேற்றுக்கு முன்னால் அவை வரிசையாக நின்றுவிட்டன. காவற்காரர் மரியாதையாகத்தான் பேசினார். "தொரையோட கடுதாசி இருக்குங்களா?" என்று கேட்டார். எங்களிடம் இல்லை. முகாமையாளர் அன்று தோட்டத்தில் இருக்கவில்லை. அவருடைய தொலைபேசி இலக்கமும் எங்களிடம் இல்லை. ஒரு பக்கம் மண்மேடும் மறுபக்கம் பள்ளமுமாக இருந்த அந்தத் தடத்தில் ஐந்து வாகனங்களையும் பின்னோக்கி எடுத்துத் திருப்ப ஒன்றே முக்கால் மணி நேரம் சென்றது. திருப்பும்போது ஒரு வாகனத்தின் ரயர் பக்கவாட்டில் கிழிந்தது. அன்றைய பயணம் அத்துடன் முடிந்தது.

அதன் பிறகு நான்கு பயணங்களை நான் ஒழுங்கு செய்திருக்கிறேன். ஓட்டும் திறமைக் குறைவால் நாங்கள் இழந்த நேரம் சிறிது. கொழும்பில் இருக்கும்போதே கேட்டு, எழுதி, வாங்கி முடித்திருக்க வேண்டியவற்றை முடிக்காமல் போனதால் இழந்த நேரமே பெரிது. ஆகவே இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி புறப்படுவதற்கு முந்திய ஆறு வாரங்களைப் பற்றியது. உதாரணமாக, இரத்தினபுரி வீதியில் பெலிஹுல்ஓயாவைக் கடந்ததும் வரும் கலுபஹனவில் தொடங்கி, பம்பரகந்தை நீர்வீழ்ச்சியைத் தாண்டி, உடவேரியத் தோட்டம் வழியாக ஓஹியாவுக்கு ஏறும் தடத்தை எடுத்துக்கொள்கிறேன். போர் வீல், அதாவது நான்கு சக்கரங்களும் இழுக்கும் வாகனம், ஓட்டுபவர்கள் 'டெவில்ஸ் ஸ்டெயார்கேஸ்' என்று சொல்வது இதைத்தான். வேறு தடத்துக்குப் போகிறவர்களும் இதே ஒழுங்கைப் பின்பற்றலாம்.

1. தடம் யாருடையது என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள் (ஆறு வாரங்களுக்கு முன்)

வாகனம், நாள், ஆட்கள் ஆகிய எதையும் தீர்மானிப்பதற்கு முன்னர் தடத்தின் உரிமையாளரைக் கண்டுபிடிக்க வேண்டும். நமது மலைநாட்டில் ஒரே தடம் மூன்று நான்கு கைகளுக்குள் மாறிச் செல்லும். கீழே பிரதேச சபை வீதியாகத் தொடங்குவது, இரண்டு வளைவு தாண்டியதும் தோட்டக் கம்பனியின் பொறுப்பிலுள்ள தோட்ட வீதியாகிவிடும். அதற்கு மேல் வனத் திணைக்களத்தின் காப்புக் காடாகவோ வனசீவராசிகள் திணைக்களத்தின் தேசியப் பூங்காவாகவோ மாறலாம். ஒவ்வொரு எல்லையிலும் வேறொருவரிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கும்.

புதியவர்கள் அடிக்கடி விழும் குழி ஒன்று இங்கே இருக்கிறது. வனத் திணைக்களமும் வனசீவராசிகள் திணைக்களமும் வெவ்வேறு நிறுவனங்கள். இரண்டினதும் தலைமை அலுவலகங்கள் பத்தரமுல்லையில் இருப்பதால் ஒன்றுக்குப் போக வேண்டியவர்கள் மற்றதற்குப் போய் அரை நாளை இழக்கிறார்கள். நக்கிள்ஸ், சிங்கராஜ போன்ற காடுகளுக்கு வனத் திணைக்களம். ஹோர்ட்டன் சமவெளி போன்ற தேசியப் பூங்காக்களுக்கு வனசீவராசிகள் திணைக்களம். பூங்காவுக்குள் அனுமதிக்கப்பட்ட வீதியை விட்டு வாகனத்தை இறக்குவது குற்றம். அதற்கு அனுமதி கேட்டுப் பார்க்கலாம் என்று நினைப்பதிலும் பயனில்லை. ஓஹியாத் தடத்தின் மேல்முனை ஹோர்ட்டன் சமவெளிக்கு அருகில் இருப்பதால், "கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம்" என்று குழுவில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். அந்தப் பேச்சைக் கொழும்பிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

நாரஹேன்பிட்டியில் கிருல வீதியிலுள்ள நில அளவைத் திணைக்களத்தில் 1:50,000 அளவுத்திட்ட வரைபடத் தாள்களை வாங்கலாம். தொலைபேசி வரைபடத்தில் ஒரே சாம்பல் கோடாகத் தெரியும் பாதை, அந்தத் தாளில் தோட்டப் பெயர்களோடும் காட்டு எல்லைகளோடும் தெரியும். தாளைப் பார்த்துத் தோட்டங்களின் பெயர்களைக் குறித்துக்கொண்டு, பிறகு அப்பகுதியின் பிரதேச செயலகத்தையோ கிராம உத்தியோகத்தரையோ தொடர்புகொண்டு உறுதிப்படுத்துங்கள். கலுபஹனப் பக்கத்துக்கு அது ஹல்துமுல்ல பிரதேச செயலகம். வழி திறந்திருக்கிறதா என்ற கேள்வியையும் அதே அழைப்பில் கேட்டுவிடுங்கள். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளி மலையகத்தின் பல வீதிகளையும் பாலங்களையும் உடைத்துச் சென்றது. அதற்கு முன்னர் எடுக்கப்பட்ட வீடியோவைப் பார்த்து எந்தத் தடத்தையும் நம்பிவிட வேண்டாம்.

2. மாதத்தையும் நாளையும் தெரிவுசெய்யுங்கள்

ஹல்துமுல்ல, ஓஹியாப் பக்கத்துக்கு நான் விரும்புவது பெப்ரவரி தொடக்கம் மார்ச் நடுப்பகுதி வரையான காலம். அதற்கு அடுத்தபடியாக ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் போகலாம். ஆனால் அப்போது காற்று பலமாக இருக்கும், கூடாரம் நிற்காது. மார்ச் பிற்பகுதியிலும் ஏப்ரலிலும் பிற்பகல் இடிமழை வழமையானது. ஒக்டோபரும் நவம்பரும் கூடவே கூடாது. நக்கிள்ஸின் கிழக்குச் சரிவில் மீமுரேப் பக்கம் போகிறவர்கள் டிசம்பரையும் ஜனவரியையும் தவிர்க்க வேண்டும், வடகீழ்ப் பருவமழை நேராக அங்கேதான் விழுகிறது.

போயாவோடு, அதாவது பௌர்ணமி விடுமுறையோடு, சேர்ந்த நீண்ட வார இறுதிகளை விலக்குங்கள். அலுவலகங்கள் மூடியிருக்கும், இரத்தினபுரி வீதியில் வாகன நெரிசல் இருக்கும், தோட்டத்தில் பேசுவதற்குப் பொறுப்பானவர் இருக்க மாட்டார். ஹற்றன், மஸ்கெலியா வழியாகத் திட்டமிடுகிறவர்கள் டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாத மலைப் பருவம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். சனி, ஞாயிறு இரண்டு நாட்கள் மட்டும் போதும் என்று தோன்றினாலும் திங்கட்கிழமையையும் விடுமுறையாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு நாள் இல்லாத குழுதான் இருட்டில் தடம் ஏறத் துணிகிறது.

3. குழுவைச் சிறிதாக வைத்திருங்கள்

மூன்று வாகனங்களுக்குக் குறைவாகப் போகக் கூடாது. ஐந்துக்கு மேலும் போகக் கூடாது. தனி வாகனம் சிக்கினால் இழுக்க ஆளில்லை, இரண்டு வாகனங்களில் ஒன்று பழுதானால் மற்றதும் அங்கேயே நிற்க வேண்டியதுதான். ஆறு, ஏழு வாகனங்கள் சேர்ந்தால் ஒவ்வொரு கடினமான கல்லிலும் அரை மணி நேரம் காத்திருக்க நேரும். தோட்ட முகாமையாளரும் அத்தனை வாகனங்களுக்குச் சம்மதிக்கத் தயங்குவார்.

வாகனத்தைப் பொறுத்தவரை, லோ கியர் (மிக மெதுவாகவும் பலமாகவும் ஓட உதவும் கூடுதல் கியர்) உள்ள உண்மையான போர் வீல் வாகனம் மட்டுமே இந்தத் தடத்துக்கு ஏற்றது: டிஃபெண்டர், லான்ட் குரூசர், பஜேரோ, ஜிம்னி போன்றவை. பார்வைக்கு ஜீப் போல உயரமாக இருந்தாலும் லோ கியர் இல்லாத நகர வாகனங்களை அன்பாக ஆனால் உறுதியாக மறுத்துவிடுங்கள். அந்த நண்பர் வேறொருவரின் வாகனத்தில் அமர்ந்து வரலாம். வாடகை வாகனம் எடுப்பவர்கள் ஒப்பந்தத்தை வரிக்கு வரி படிக்க வேண்டும். தார் வீதிக்கு வெளியே ஓட்டக் கூடாது என்ற நிபந்தனை பெரும்பாலும் அதில் இருக்கும், அதை மீறினால் சேதம் முழுவதும் உங்கள் தலையில். அப்படியான நிலையில் உள்ளூர்ச் சாரதியோடு ஜீப் பேசிக்கொள்வது மலிவானது, பாதுகாப்பானதும் கூட.

ஒவ்வொரு வாகனத்துக்கும் ஓட்டத் தெரிந்தவர் இருவர் வேண்டும். இலண்டனிலிருந்தோ கனடாவிலிருந்தோ வந்திருக்கும் உறவினர் ஒருவர் ஓட்ட ஆசைப்பட்டால், அவருடைய வெளிநாட்டு அனுமதிப்பத்திரம் மட்டும் இங்கே போதாது. சர்வதேச அனுமதி வைத்திருப்பவர் அதற்கு இங்கே அங்கீகாரம் பெற வேண்டும். மற்றவர் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் தற்காலிக அனுமதி பெற வேண்டும். வந்து இறங்கிய மறுநாளே மலைக்கு அழைத்துச் செல்லும் வழக்கம் நம்மிடம் இருப்பதால் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

4. அனுமதிக் கடிதங்கள் (நான்கு வாரங்களுக்கு முன்)

இந்தப் படியில்தான் நான் மிகவும் அலைந்தேன்.

தோட்டத்துக்கு எழுதும் கடிதம் முகாமையாளரின் பெயருக்கன்றிப் பதவிக்குச் செல்ல வேண்டும். இடையில் இடமாற்றம் வந்தாலும் கடிதம் செல்லுபடியாகும். கடிதத்தில் இருக்க வேண்டியவை: நுழையும் நாளும் நேரமும், வெளியேறும் நாளும் நேரமும், எந்தக் கேற்றால் நுழைந்து எதனால் வெளியேறுவது, ஒவ்வொரு வாகனத்தின் பதிவு இலக்கமும் வகையும், ஒவ்வொரு சாரதியின் பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், சாரதி அனுமதிப்பத்திர இலக்கம், பயணிகளின் பெயர்கள், கொழும்பில் தொடர்புகொள்ளக்கூடிய ஒருவரின் தொலைபேசி. இவற்றோடு வீதிக்கோ வடிகானுக்கோ தேயிலைக்கோ சேதம் நேர்ந்தால் ஈடு செய்வோம், தீ மூட்ட மாட்டோம், குப்பையைத் திருப்பிக் கொண்டுவருவோம் என்ற மூன்று உறுதிகளும். இந்த உறுதிகளை நாங்கள் சேர்த்த பிறகுதான் எங்களுக்கு முதன்முறையாகச் சம்மதம் கிடைத்தது. முகாமையாளரின் கவலை நம்மைப் பற்றியதல்ல. மழைக்காலத்தில் கொழுந்து ஏற்றும் லொறி ஏற முடியாதபடி நாம் வீதியை உழுதுவிட்டுப் போய்விடுவோமோ என்பதே.

தொலைபேசியில் பேசுவதற்கும் நேரம் இருக்கிறது. அதிகாலையில் பிரட்டு (தொழிலாளரைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுப்பது) முடிந்ததும் முகாமையாளர் மலைக்குப் போய்விடுவார். முற்பகல் பதினொரு மணிக்குப் பிறகு தோட்ட அலுவலகத்துக்கு அழைத்தால் தலைமை எழுதுவினைஞராவது கிடைப்பார். அவரிடம் கடிதம் வந்து சேர்ந்ததா என்று கேட்பதே பாதி வேலை. மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள், பதிவுத் தபாலிலும் ஒரு பிரதியை அனுப்புங்கள்.

திணைக்களங்களுக்கு எழுதும்போது தமிழில் எழுத நமக்கு உரிமை உண்டு. நானும் தமிழில்தான் எழுதுகிறேன். ஆனால் அதனுடன் ஒரு சிங்களப் பிரதியையும் இணைத்துவிடுவது நல்லது. மொழிபெயர்ப்பாளரின் மேசையில் காத்திருக்கும் நாட்கள் அதனால் மிச்சமாகும். காட்டில் இரவு தங்குவதாக இருந்தால் தங்குமிடத்துக்கு வேறாக அனுமதி பெற வேண்டும். நுழைவுச் சீட்டு இரவு தங்கும் அனுமதியாகாது. நுழைவுக் கட்டணம் உள்நாட்டவருக்கு ஒன்று, வெளிநாட்டவருக்கு அதைவிடப் பல மடங்கு என்பதால், குழுவில் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் இருந்தால் கணக்கில் அதைத் தனியாகப் போடுங்கள்.

அனுமதி கிடைத்ததும் ஒவ்வொரு வாகனத்துக்கும் ஒரு நிழற்பிரதி எடுத்துப் பொலித்தீன் உறையில் இடுங்கள். தொலைபேசியில் இருக்கும் படம் போதாது. இரண்டாவது பயணத்தில் அதே காவற்காரர் எங்கள் கடிதத்தை வாங்கி, மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டு, சட்டைப் பையிலிருந்த சிறிய கொப்பியில் பென்சிலால் ஐந்து இலக்கங்களையும் ஒவ்வொன்றாக எழுதி, வாகனத்தின் முன்னால் நடந்து போய் இலக்கத் தகட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஓர் இலக்கம் கடிதத்தில் பிழையாக அச்சாகியிருந்தது. அந்த ஓர் எழுத்துக்காக இருபது நிமிடம் அலுவலகத்துக்கு அழைத்துப் பேச வேண்டி வந்தது.

பயணத்துக்கு முந்திய வாரம் அப்பகுதிப் பொலிஸ் நிலையத்துக்கும் உங்கள் பெயர்ப் பட்டியலையும் திரும்பும் நேரத்தையும் தெரிவியுங்கள். அது அனுமதிக்காக அல்ல. நீங்கள் திரும்பாவிட்டால் எங்கே தேடுவது என்று ஒருவருக்குத் தெரிந்திருப்பதற்காக.

5. வாகனப் பத்திரங்கள் (மூன்று வாரங்களுக்கு முன்)

வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதிச் சான்றிதழ், சாரதி அனுமதிப்பத்திரம் ஆகிய மூன்றையும் ஒவ்வொருவரிடமிருந்தும் படமாக வாங்கி, முடிவுத் திகதிகளை ஒரே தாளில் எழுதுங்கள். வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கப் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் செல்லுபடியான காப்புறுதியும் வேண்டும். பழைய டீசல் வாகனம் புகைப் பரிசோதனையில் முதல் தடவையிலேயே தேறும் என்று எண்ண வேண்டாம். பம்ப், இன்ஜெக்டர் பார்த்துத் திரும்பப் போக ஒரு வாரமாவது செல்லும். மூன்று வாரம் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

காப்புறுதியில் கவனிக்க வேண்டியது வேறு. மூன்றாந் தரப்புக் காப்புறுதி உங்கள் வாகனத்தின் சேதத்துக்கு ஒரு சதமும் தராது. முழுமையான காப்புறுதி இருந்தாலும், பொது வீதியல்லாத தடத்தில் நேரும் சேதத்துக்கும், பள்ளத்திலிருந்து தூக்கும் செலவுக்கும் அது பொருந்துமா என்பதை உங்கள் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் பெறுங்கள். தொலைபேசியில் "பிரச்சினையில்லை சேர்" என்று சொல்லும் ஒருவர் இழப்பீட்டுப் படிவம் நிரப்பும் நாளில் உங்களோடு இருக்க மாட்டார். லீசிங்கில் உள்ள வாகனமென்றால் லீசிங் ஒப்பந்தத்தையும் பாருங்கள். வாகனத்தின் முழு உரிமையாளர் நீங்கள் அல்லர்.

நடைபேசிக் கருவிகளை, அதாவது வோக்கி டோக்கிகளை, இணையத்தில் வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. வானொலி அலை பரப்பும் கருவிக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் உரிமம் தேவை. உரிமம் பெற நேரமில்லையென்றால் கருவி இல்லாமலே போகலாம். அதற்கான ஒழுங்கைப் பின்னால் சொல்கிறேன்.

6. செலவுக் கணக்கு

எரிபொருளை ரூபாயில் கணக்கிடாமல் லீற்றரில் கணக்கிடுங்கள். விலை மாதந்தோறும் மாறும்; லீற்றர் மாறாது. கொழும்பிலிருந்து கலுபஹன ஏறத்தாழ 170 கிலோமீற்றர். ஓஹியாவிலிருந்து பொரலந்த, பெரகல வழியாக மீண்டும் இரத்தினபுரி வீதிக்கு இறங்கித் திரும்பினால் போக வர 400 கிலோமீற்றர் என்று வையுங்கள். பழைய டீசல் ஜீப் தார் வீதியில் லீற்றருக்கு 8 கிலோமீற்றர் ஓடினால் 50 லீற்றர். தடத்திலும் தோட்ட வீதிகளிலும் 40 கிலோமீற்றர் என்றால், லோ கியரில் லீற்றருக்கு 4 கிலோமீற்றர் வீதம் 10 லீற்றர். மொத்தம் 60, அதன் காற்பங்கைக் கூட்டினால் 75 லீற்றர். எங்கள் கணக்கு ஒருபோதும் இந்த அளவைத் தாண்டியதில்லை. தாங்கியைப் பலாங்கொடையில் மீண்டும் நிரப்பிக்கொள்ளுங்கள். அதற்கு மேலே எரிபொருள் கிடைக்கும் என்று நம்பிப் போக வேண்டாம்.

பிறகு வருபவை: நுழைவுச் சீட்டு, இரவுத் தங்குமிடம், சாப்பாடு, வழிகாட்டிக்கான கூலி, பயணத்துக்கு முன்னும் பின்னும் கராஜ் செலவு. கராஜ் செலவை எவரும் எழுதுவதில்லை. ஆனால் எரிபொருளுக்கு அடுத்த பெரிய தொகை அதுவே. பிரேக் பட்டை, எண்ணெய், அடியில் அடிபட்ட புஷ், சில சமயம் ஒரு ரயர் என்று ஏதாவது ஒன்று கட்டாயம் வரும்.

நண்பர்களுக்கிடையே மனக்கசப்பு வராமல் இருக்க மூன்று விடயங்களை முன்கூட்டியே எழுதி வட்ஸ்அப் குழுவில் போடுங்கள். தங்குமிடமும் சாப்பாடும் தலைக்கு இவ்வளவு. எரிபொருள் அந்தந்த வாகனத்தில் இருப்பவர்களுக்குள். வாகனச் சேதம் உரிமையாளருக்கு. அதோடு, ஒவ்வொருவரும் ஒரு தொகையைப் பொது அவசர நிதிக்காக முன்பணமாகக் கட்ட வேண்டும். பயன்படாவிட்டால் திருப்பிக் கொடுக்கப்படும். அது ஒரு வாகனத்தை லொறியில் ஏற்றிக் கொழும்புக்குக் கொண்டுவரும் செலவை ஈடுசெய்யும் அளவுக்கு இருக்க வேண்டும். தொகையைத் தெரிந்துகொள்ளப் பலாங்கொடையிலோ பண்டாரவளையிலோ உள்ள இழுவை லொறிக்காரர் ஒருவரிடம் முன்பே விலை கேட்டு, அவருடைய இலக்கத்தையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தோட்ட மக்கள் வந்து தள்ளி, கல் வைத்து, கயிறு பிடித்து உதவினால் அவர்களுடைய ஒரு நாள் கூலிக்குக் குறையாமல் கொடுங்கள். தேநீருக்கு என்று நூறு ரூபாயை நீட்டுவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் காட்சி. அவர்கள் அன்றைய கொழுந்தை விட்டுவிட்டு வந்திருப்பார்கள்.

7. கொண்டுபோக வேண்டிய கருவிகள் (இரண்டு வாரங்களுக்கு முன்)

சிக்கிய வாகனத்தை இழுக்கும் பட்டியும், அதை மாட்டும் ஷாக்கிள் என்ற இரும்பு வளையமும் வாங்கப் பழைய சோனகத் தெருவுக்கும், வாகனப் பாகங்களுக்குப் பஞ்சிகாவத்தைக்கும் போகலாம். ஷாக்கிளை வாங்கும்போது அதன் மேல் சுமைதாங்கும் அளவு வார்ப்பில் பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். எண் இல்லாத ஷாக்கிள் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வேண்டாம். இழுக்கும்போது அது உடைந்தால் துப்பாக்கிக் குண்டுபோல் பறக்கும். அதே காரணத்துக்காக டிரெய்லர் மாட்டும் பந்துக் கொளுக்கியில் ஒருபோதும் பட்டியை மாட்டாதீர்கள். சட்டகத்தில் போல்ட் இட்டுப் பொருத்திய கொளுக்கியே இழுப்பதற்கு உரியது.

குழுவுக்குப் பொதுவாக: இழுபட்டிகள் இரண்டு, ஷாக்கிள்கள் ஆறு, மரத்தில் சுற்றும் அகன்ற பட்டி ஒன்று, குறைந்தது ஒரு வாகனத்தில் வின்ச் (கம்பியைச் சுற்றி இழுக்கும் இயந்திரம்), மண்வெட்டி, அலவாங்கு, காற்று நிரப்பும் கம்பிரசர், காற்றழுத்த மானி, ரயர் ஒட்டும் பொருட்கள், பற்றரி வயர். ஒவ்வொரு வாகனத்துக்கும்: முழு அளவு மாற்றுச் சக்கரம், ஜக், ஜக்கின் அடியில் வைக்க ஒரு தடித்த பலகை, ரோர்ச், ஐந்து லீற்றர் குடிநீர், கூலன்ட் தண்ணீர். பலகையை எல்லோரும் மறக்கிறார்கள். ஈர மண்ணில் பலகை இல்லாத ஜக் மண்ணுக்குள் இறங்குமே தவிர வாகனத்தைத் தூக்காது.

அட்டைக் கடிக்கு உப்பும் சவர்க்காரமும், நீண்ட காலுறையும் போதும்.

8. புறப்படுவதற்கு முந்திய இரண்டு நாட்கள்

வளிமண்டலவியல் திணைக்களத்தின் முன்னறிவிப்பைப் பாருங்கள். அதைவிட முக்கியமானது, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் மண்சரிவு எச்சரிக்கை. அது மாவட்டமாக மட்டுமன்றிப் பிரதேச செயலகப் பிரிவு வாரியாகவும் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று நிலைகளில் வரும். ஹல்துமுல்லப் பிரிவுக்கு மஞ்சள் என்று வந்தாலே நாங்கள் பயணத்தை ஒத்திவைக்கிறோம். 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்களை, அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகளை, மண் மூடியது இதே பிரிவில்தான். அந்த நிலத்தில் மஞ்சள் என்ற சொல்லை இலேசாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஒத்திவைப்பை யார் தீர்மானிப்பது என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். ஒருவர் மட்டும் தீர்மானிக்க வேண்டும், வாக்கெடுப்பு கூடாது. வாக்கெடுப்பில் ஆசைதான் வெல்லும்.

தொலைபேசியில் வரைபடத்தை இணைப்பில்லாமல் பார்க்கும்படி இறக்கி வையுங்கள். ஒவ்வொரு வாகனத்திலும் வெவ்வேறு நிறுவனங்களின் சிம் குறைந்தது இரண்டு இருக்கட்டும். 1990 அம்புலன்ஸ், 119 பொலிஸ், 117 அனர்த்த முகாமைத்துவ நிலையம் ஆகிய இலக்கங்களைக் கடிதப் பிரதியின் பின்புறத்தில் பேனாவால் எழுதுங்கள்.

9. தடத்தில்

கொழும்பிலிருந்து அதிகாலை மூன்றரைக்குப் புறப்பட்டால் ஒன்பது மணிக்குள் கலுபஹனவில் நிற்கலாம். நம் நாட்டில் ஆண்டு முழுவதும் ஆறு, ஆறரைக்குள் சூரியன் மறைந்துவிடும். மலையில் மூடுபனி நாலு மணிக்கே இறங்கும். பிற்பகல் மூன்று மணிக்குத் தடத்தின் பாதியைத் தாண்டவில்லையென்றால் திரும்புவது என்ற விதியை வைத்துக்கொள்ளுங்கள். முதன்முறை போகிறவர்கள் கலுபஹனவிலிருந்து மேலே ஏறும் திசையில் போவது நல்லது. ஏறும்போது முடியாத இடத்தில் வாகனம் நின்றுவிடும். இறங்கும்போது முடியாத இடத்தில் அது வழுக்கிச் செல்லும்.

தார் முடியும் இடத்தில் நின்று ரயரின் காற்றை 32 பி.எஸ்.ஐ. அளவிலிருந்து 22 வரை குறையுங்கள். ரயர் கல்லைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும், ஆட்டமும் குறையும். 15க்குக் கீழே போனால் ரயர் விளிம்பை விட்டுக் கழன்றுவிடக்கூடும். தார் வீதியை மீண்டும் தொட்டதும் காற்றை நிரப்பாமல் ஒரு கிலோமீற்றர்கூட ஓட வேண்டாம். குறைந்த காற்றோடு வேகமாக ஓடினால் ரயர் சூடாகி வெடிக்கும்.

அனுபவம் குறைந்தவரை இரண்டாவது இடத்தில் வையுங்கள். நன்றாகத் தெரிந்த இருவரில் ஒருவர் முன்னால், மற்றவர் கடைசியில். வோக்கி டோக்கி இல்லாதபோது ஒழுங்கு இதுதான்: உங்கள் பின்னால் வரும் வாகனம் கண்ணாடியில் தெரியாவிட்டால் நில்லுங்கள். எல்லோரும் இதைக் கடைப்பிடித்தால் முன்னால் போகிறவரும் தானாக நின்றுவிடுவார். கிளைப் பாதை வந்தால் அடுத்த வாகனம் வந்து சேரும்வரை நகராதீர்கள்.

கடினமான இடத்தில் ஒருவர் மட்டும் இறங்கி நின்று கையால் வழிகாட்ட வேண்டும். இருவர் காட்டினால் சாரதி இருவரையும் பார்ப்பார், கல்லைப் பார்க்க மாட்டார். இறக்கத்தில் லோ கியரில் முதலாம் கியரைப் போட்டுக் கிளச்சிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். எஞ்சினே வாகனத்தைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கினால் பட்டைகள் சூடாகிக் கருகிய மணம் வரும். அந்த மணம் வந்தால் உடனே சமதரையில் நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

இழுக்கும்போது பட்டிக்கு நடுவில் ஒரு ஈரச் சாக்கைப் போட்டு, பட்டியின் நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு தூரத்துக்கு அனைவரையும் விலக்குங்கள். வீடியோ எடுப்பவரையும்தான்.

வழியில் சந்திக்கும் தோட்டத்து மக்களிடம் வாகனத்தை நிறுத்திப் பேசுங்கள். மூன்றாவது பயணத்தில், கொழுந்துக் கூடையோடு கீழிறங்கிக்கொண்டிருந்த வயதான அம்மா ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார். "தம்பி, நேத்து ராத்திரி மழையில அந்தப் போக்குப் பக்கம் மண்ணு சரிஞ்சிருக்கு. பெரிய வண்டி போவாதுங்க" என்றார். அவர் சொன்ன மதகுப் பக்கம் நடந்து போய்ப் பார்த்தோம். மேலே புல் அப்படியே இருந்தது. குனிந்து பார்த்தால், சக்கரம் போக வேண்டிய இடத்துக்குக் கீழே முழங்கை நீளத்துக்கு மண்ணே இல்லை. வெறும் புல்வேர் தொங்கிக்கொண்டிருந்தது. அங்கிருந்தே திரும்பினோம்.

10. திரும்பிய பிறகு

மறுநாளே வாகனத்தின் அடிப்பகுதியைக் கழுவுங்கள். காய்ந்த மண்ணுக்குள் எண்ணெய்க் கசிவு தெரியாது. நான்கு சக்கரங்களையும் கழற்றிப் பிரேக்கையும் ரயரின் உட்பக்கத்தையும் பாருங்கள், உட்பக்க வெட்டு வெளியிலிருந்து தெரிவதில்லை. கியர் எண்ணெயும் டிஃப் (சக்கர அச்சிலுள்ள பற்சக்கரப் பெட்டி) எண்ணெயும் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, உடனே மாற்ற வேண்டும். அவசர நிதியில் மிச்சமானதை ஒரு வாரத்துக்குள் கணக்கோடு திருப்பிக் கொடுங்கள்.

பொலிஸ் நிலையத்துக்குப் பத்திரமாகத் திரும்பிவிட்டோம் என்று ஓர் அழைப்பு. தோட்ட முகாமையாளருக்கு ஒரு நன்றிக் கடிதம். வழியில் நாங்கள் உடைத்த வடிகானோ சரிந்த கல்லோ இருந்தால் அதையும் அதில் மறைக்காமல் எழுதி, சீர்செய்யும் செலவைக் கேளுங்கள். எங்கள் மூன்றாவது பயணத்துக்கான அனுமதி ஒரே தொலைபேசி அழைப்பில் கிடைத்தது, இரண்டாவது பயணத்துக்குப் பிறகு நாங்கள் அனுப்பிய அந்தக் கடிதம் அலுவலகக் கோப்பில் இருந்ததனால்.